பேசாத எழுத்தின் வரலாறு



ஆங்கிலத்தில் ஒரு சிறிய சொற்கூட்டம் உண்டு. கே என்ற எழுத்தும் என் என்ற எழுத்தும் அடுத்தடுத்து நின்று தொடங்கும் சொற்கள் அவை. பெரும்பாலும் நான்கு ஐந்து எழுத்துகளில் அடங்கிவிடும் குறுஞ்சொற்கள். நீ என்றால் முழங்கால். நீல் என்றால் மண்டியிடுதல். நைஃப் என்றால் கத்தி. நாட் என்றால் முடிச்சு. நிட் என்றால் நூல்கொண்டு பின்னுதல். நாக் என்றால் தட்டுதல். நாப் என்றால் கதவிலும் வானொலிப் பெட்டியிலும் நாம் பிடித்துத் திருகும் குமிழ். நக்கிள் என்றால் விரல் கணு. நீட் என்றால் மாவு பிசைதல். நோல் என்றால் சிறு மேடு. நெல் என்றால் சாவு மணியின் ஓசை. நோ என்றால் அறிதல். இத்தனை சொற்களிலும் முதலில் கே எழுதப்படுகிறது. ஆனால் ஒன்றில்கூட அந்தக் கே ஒலிப்பதில்லை.

ஒலிக்காத எழுத்தை எதற்காக எழுத வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்ப் பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது. தமிழில் எழுத்து என்றால் ஒலி. மலாய் மொழியிலும் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிறோம். இந்த இரண்டு மொழிகளில் பழகிய பிள்ளை, ஆங்கிலப் பாடத்தில் காதில் விழுந்தபடியே கத்திக்கு என், ஐ, எஃப், இ என்று எழுதுகிறது. சிவப்பு மையால் ஒரு கோடு விழுகிறது. "ஏன் சார்?" என்று கேட்டால், "ஆங்கிலம் அப்படித்தான், மனப்பாடம் செய்" என்ற பதில் வருகிறது. நாளடைவில் அந்தப் பிள்ளை தனக்கு ஆங்கிலம் வராது என்றே முடிவு கட்டிவிடுகிறது. தோட்டப் பள்ளிகளில் பாடம் நடத்தும் நாங்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி இது.

'அப்படித்தான்' என்பது ஒரு பதில் ஆகாது. அந்தக் கே அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து ஆங்கிலர், சாக்சானியர் முதலிய இனத்தார் கடல் கடந்து பிரிட்டன் தீவில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுசென்ற மொழியே பழைய ஆங்கிலம். அந்த மொழியில் முழங்காலுக்கு 'க்னேயோ' என்பது பெயர். முடிச்சுக்கு 'க்னாட்டா'. தட்டுவதற்கு 'க்னாக்கியன்'. க் என்ற ஒலியும் ன் என்ற ஒலியும் இரண்டுமே வாயில் கணீரென்று ஒலித்தன. அக்காலத்தில் கே என்ற எழுத்தை அவர்கள் அதிகம் பயன்படுத்தவில்லை. சி என்ற எழுத்தையே எழுதினார்கள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்றனர். அதன் பிறகு பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்களின் செல்வாக்கு ஓங்கியது. அப்போதுதான் இச்சொற்களின் முதலில் இருந்த சி மெல்ல மெல்லக் கே ஆக மாறியது. எழுத்து மாறினாலும் ஒலி மாறவில்லை.

கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லுக்கு வேறொரு கதை உண்டு. அது வடக்கேயிருந்து வந்த வைக்கிங்குகளின் சொல். அவர்கள் மொழியில் 'க்னீவ்ர்' என்பது கத்தி. வைக்கிங்குகள் முதலில் கொள்ளையராகவும், பின்பு குடியேறிகளாகவும், இறுதியில் அரசர்களாகவும் இங்கிலாந்துக்குள் புகுந்தார்கள். 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட டென்மார்க் நாட்டு மன்னனின் பெயரே 'க்னூட்' என்பதாகும். மன்னனின் பெயரும் கத்தியின் பெயரும் ஒரே இரண்டு ஒலிகளில் தொடங்கின.

அந்த ஒலி மெய்யாகவே இருந்தது என்பதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆங்கிலத்தின் உடன்பிறந்த மொழிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவையே சான்று. ஒரு ஜெர்மானியர் முழங்காலை இன்றும் 'க்னீ' என்கிறார். டச்சுக்காரரும் 'க்னீ' என்றே சொல்கிறார். சுவீடன் நாட்டவர் கத்தியைக் 'க்னீவ்' என்கிறார். ஒரே வீட்டில் பிறந்த அக்காள் தங்கைகளில் மற்றவர்கள் எல்லாம் அந்த ஒலியைக் காத்துக்கொள்ள, ஆங்கிலம் மட்டும் அதை வாயிலிருந்து தவறவிட்டுவிட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகள் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று அதில் எடுத்துரைத்தார். ஆங்கிலமும் ஜெர்மானியமும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1822இல் யாக்கோபு கிரிம் என்ற ஜெர்மானிய அறிஞர், அம்மூல மொழியின் 'க' (ஜி) ஒலி ஜெர்மானிய மொழிகளில் வல்லோசைக் 'க' (கே) ஆயிற்று என்ற விதியையும் விளக்கிக் காட்டினார். முழங்காலுக்கு இலத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கோனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு'. நெடிய உருவம் கொண்ட ஒருவரை 'ஆஜானுபாகுவான மனிதர்' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? முழங்கால்வரை நீண்ட கைகளை உடையவர் என்பதே அதன் பொருள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'ஜானு'வும் ஆங்கில 'நீ'யும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அறிதல் என்று பொருள்படும் 'நோ' என்ற சொல்லும் அப்படியே. அதன் உறவு சமஸ்கிருதத்தின் 'ஜ்ஞா' என்ற வேர்ச்சொல். அதிலிருந்து பிறந்ததே 'ஞானம்' என்று தமிழில் நாம் வழங்கும் வடசொல். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி அன்று. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் சென்னையில் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலால் அதை நிலைநாட்டினார். ஞானம் என்பது தமிழ் கடனாகப் பெற்ற சொல். கடனாகப் பெற்றபோது தமிழ் என்ன செய்தது என்பதில்தான் நம் பாடமே இருக்கிறது.

'ஜ்ஞான' என்ற சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்யொலிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழுக்கு அது ஒவ்வாது. மெய்யெழுத்துத் தனித்து நின்று சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம் முதல் வரும் மரபு. ஆகவே தமிழ் முன்னே நின்ற ஒலியை உதறிவிட்டு, 'ஞானம்' என்று சொன்னது. சொன்னபடியே எழுதியது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களின் நாவும் இதே வேலையைத்தான் செய்தது. க், ன் என்ற இரண்டு ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்தில் சேர்த்துச் சொல்ல அவர்கள் நா சோர்வுற்றது. முன்னே நின்ற ஒலியைக் கைவிட்டது. ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616இல். அவர் காலத்தில்கூட அந்த ஒலி முற்றிலும் மறைந்துவிடவில்லை. அடுத்த நூறாண்டுகளுக்குள் அது இங்கிலாந்தின் பொதுப் பேச்சிலிருந்து நீங்கிவிட்டது.

அப்படியானால் எழுத்து மட்டும் ஏன் தங்கிவிட்டது? இதற்கு விடை அச்சுக்கூடத்தில் இருக்கிறது. 1476ஆம் ஆண்டு வில்லியம் காக்ஸ்டன் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடம் அதுவே. அவர் அச்சிட்ட காலத்தில் கே ஒலித்துக்கொண்டிருந்தது. ஒலித்த எழுத்தை அவர் அச்சிட்டார், அவ்வளவுதான். அவருக்குப் பின்வந்த அச்சகத்தாரும் அதையே பின்பற்றினார்கள். புத்தகம் பெருகப் பெருக எழுத்துமுறை இறுகிப்போயிற்று. நாவு மாறியபோது அச்சுக்கோப்பவரின் கை மாறவில்லை. 1755இல் டாக்டர் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது கே ஒலி மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவர் அந்த எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1828இல் அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் பல சொற்களின் எழுத்தைச் சுருக்கினார். கலர் என்ற சொல்லில் யு என்ற எழுத்தை நீக்கினார். ஆனால் கத்தியின் தலையில் நின்ற கே அவருடைய அகராதியிலும் பிழைத்துக்கொண்டது.

தமிழ் வாயாலும் விட்டது, கையாலும் விட்டது. ஆங்கிலம் வாயால் விட்டது, கையால் விடவில்லை. வேறுபாடு இவ்வளவுதான்.

நாவுக்கு ஒவ்வாத இரட்டை ஒலியைச் சமாளிக்க வேறு ஒரு வழியும் உண்டு. நடுவே ஓர் உயிரொலியைப் புகுத்திவிடுவது. க்னூட் மன்னனின் பெயரைப் பிற்கால ஆங்கிலேயர்கள் 'கனூட்' என்று ஆக்கிக்கொண்டது இப்படித்தான். நம் பிள்ளைகளில் சிலர் முதன்முதலில் கத்தியைக் 'கினைஃப்' என்று வாசிப்பார்கள். வகுப்பே சிரிக்கும். சிரிக்க வேண்டியதில்லை. அரசனின் பெயருக்கு ஆங்கிலேயர் செய்ததையே அந்தப் பிள்ளையும் செய்கிறது.

இன்னொரு சான்றும் சொல்லலாம். 'ஒப்புக்கொள்' என்று பொருள்படும் 'அக்னாலெட்ஜ்' என்ற சொல்லைப் பாருங்கள். அதற்குள்ளும் இதே கே, என் இருக்கின்றன. ஆனால் அங்கே க் ஒலி நன்றாகக் காதில் விழுகிறது. முன்னால் 'அ' என்ற உயிர் நிற்பதால் க் அதன்மீது சாய்ந்துகொள்கிறது. சொல்லின் தொடக்கத்தில் தனியே நிற்கும்போதுதான் அதற்குத் துணையில்லை.

இனி, இந்தக் கூட்டத்தில் உள்ள இரண்டு சொற்களின் வாழ்க்கையைத் தனியே காண்போம். ஒன்று நைட், மற்றொன்று நேவ். நைட் என்றால் வீரப் பெருமகன், 'சர்' பட்டம் பெற்றவர். நேவ் என்றால் அயோக்கியன். இன்று இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்றாலும் பையன், 'க்னாஃபா' என்றாலும் பையன். இருவருமே ஏவல் செய்த பையன்கள்தாம்.

பிறகு நடந்தது என்ன? அரசர்களிடமும் பிரபுக்களிடமும் போர்த்தொழில் செய்த பையனுக்குக் குதிரை கிடைத்தது, கவசம் கிடைத்தது, நிலமும் கிடைத்தது. 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் கேன்டர்பரிக் கதைகளில் முதற்கதையைச் சொல்பவரே ஒரு நைட்தான். அந்த அளவுக்கு அச்சொல் உயர்ந்துவிட்டது. சமையற்கட்டிலும் தொழுவத்திலும் நின்ற பையனுக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. வேலைக்காரன் என்றால் திருடுவான், பொய் சொல்வான் என்று எசமானர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணம் சொல்லின்மேல் படிந்தது. நேவ் என்றால் கயவன் என்றாயிற்று. சீட்டுக்கட்டில் அரசன் அரசிக்குக் கீழே நிற்கும் ஜாக்கின் பழைய பெயரும் நேவ் என்பதே. ஜெர்மானிய மொழியில் இன்றும் 'க்னாபெ' என்றால் வெறும் சிறுவன், 'க்னெக்ட்' என்றால் பண்ணையாள். அங்கே ஒருவன் பெருமகனாகவும் இல்லை, மற்றவன் கயவனாகவும் இல்லை.

நேயர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதன்று. மலாயாவில் வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களில் வேலை செய்தவர்களை, தலை நரைத்த பின்னும், 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். பாய் என்றால் பையன். ஒரு சொல் உயர்வதும் தாழ்வதும் அதன் எழுத்தினால் அன்று, அச்சொல்லால் அழைக்கப்பட்ட மனிதனுக்குச் சமுதாயம் கொடுத்த இடத்தினால். சொல்லின் வரலாறு மனிதர்களின் வரலாறே.

முடிச்சைக் குறிக்கும் நாட் என்ற சொல்லோ கடலுக்குச் சென்றது. பாய்மரக் கப்பல் மாலுமிகள் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் கடலில் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 விநாடி ஓடும் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துவைத்து, அதற்குள் எத்தனை முடிச்சு கை நழுவிப் போகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணே கப்பலின் வேகம். இன்றும் ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நம் பாட்டன் பாட்டியரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கு ஏற்றிவந்த ரஜூலா போன்ற கப்பல்களின் வேகத்தையும் இந்த முடிச்சுக் கணக்கில்தான் சொன்னார்கள்.

இவ்வளவும் சரி, இந்த ஊமை எழுத்தை எடுத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். எழுத்தைத் திருத்த முடியாது என்பதில்லை. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாய் மொழிக்கு ஒரே எழுத்துமுறையை வகுத்தன. அதுவரை மலேசியாவில் 'ச' ஒலிக்குச் சி, எச் என்று இரண்டு எழுத்துகளை எழுதிவந்தார்கள். இனிச் சி ஒன்றே போதும் என்று முடிவாயிற்று. தமிழ்நாட்டிலும் 1978இல் பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது. ஆனால் ஆங்கிலத்துக்கு அப்படி ஆணையிடும் அவை எதுவும் இல்லை. அது பல நாடுகளில் பரவிய மொழி. எல்லாரும் கூடி ஒப்புக்கொள்வது எளிதன்று.

மேலும், அந்த ஊமை எழுத்து ஒரு பணியைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 'நோ' என்று காதில் விழுந்தால் அது 'அறி' என்பதா, 'இல்லை' என்பதா? 'நாட்' என்றால் முடிச்சா, 'அல்ல' என்பதா? 'நைட்' என்றால் வீரனா, இரவா? 'நீட்' என்றால் பிசைதலா, தேவையா? 'நியூ' என்றால் 'அறிந்தான்' என்பதா, 'புதிய' என்பதா? காது பிரிக்க முடியாத இந்த இரட்டையர்களைக் கண் பிரித்துவிடுகிறது. பிரித்துக் காட்டும் அடையாளம், பேசாமல் நிற்கும் அந்தக் கே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். இச்சொற்களை ஒன்றொன்றாக மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். குடும்பம் குடும்பமாகக் கற்றுக்கொடுங்கள். முழங்கால் இருந்தால் மண்டியிடலாம், எனவே நீ, நீல் ஒரு குடும்பம். முடிச்சுப் போட்டால் பின்னல், எனவே நாட், நிட் ஒரு குடும்பம். அறிந்தால் அறிவு, எனவே நோ, நாலெட்ஜ் ஒரு குடும்பம். முதல் நாள் பிள்ளைகள் கே ஒலியையும் சேர்த்துக் 'க்னைஃப்', 'க்னாட்' என்று உரக்கச் சொல்லட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்படித்தான் சொன்னார்கள் என்று கூறுங்கள். மறுநாள் கே ஒலியை விட்டுவிட்டுச் சொல்லட்டும். எழுதும்போது மட்டும் அந்தப் பழைய ஒலியை நினைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை வாயால் சொன்ன எழுத்தைக் கை எளிதில் மறப்பதில்லை. டபிள்யூ, ஆர் என்று தொடங்கும் 'எழுது', 'தவறு', 'மணிக்கட்டு' என்னும் பொருளுள்ள ரைட், ராங், ரிஸ்ட் ஆகிய சொற்களுக்கும் இதே முறை பொருந்தும். அங்கேயும் ஒரு காலத்தில் டபிள்யூ ஒலித்ததே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். கத்தி என்பதற்கு என், ஐ, எஃப், இ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அது உண்மை. ஆனால் அப்படி எழுதியதால் நீங்கள் மந்தம் என்று ஆகிவிடாது. உங்கள் காது இன்றைய ஒலியைச் சரியாகக் கேட்டது. எழுத்தோ ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய ஒலியை எழுதச் சொல்கிறது. உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் விடியுமுன் எழுந்து பால் மரம் சீவிய அந்தக் கத்தியின் ஆங்கிலப் பெயரில், வைக்கிங்குகளும் அச்சுக்கோப்பவர்களும் விட்டுச்சென்ற ஓர் எழுத்து இருக்கிறது. காரணம் தெரிந்துகொண்டு அந்த எழுத்தை எழுதுங்கள். காரணம் தெரிந்த பாடம் சுமையாக இருக்காது.